ஆளில்லாத பக்கம்

வேலூரின் தெருமுனைகளில், மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் கம்பத்து மூளைப்பெட்டி மட்டும் பானைத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. ஊருக்குக் குடிநீர் திறப்பதும் மின்சாரம் பங்கிடுவதும் அந்தப் பெட்டிகள்தான். அவை சூடேறி நின்றால் ஊரும் நின்றுவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பந்தள்ளி. பெட்டியின் சூட்டையெல்லாம் ஒரே கற்றையாக்கி வெளியே வீசும். சுவருக்குப் பின்னாலுள்ள உடல் சூட்டையும் மோப்பம் பிடித்து, ஆளில்லாத பக்கமாகப் பார்த்து வீசும். அதற்கு இந்த நல்ல புத்தியைக் கொடுத்தவள் பொறியாளர் தமயந்தி. ஊரே அவளுக்குச் சால்வை போர்த்தியது.

அக்னி நட்சத்திர மதியத்தில், கட்டுப்பாட்டு அறையிலிருந்த அவளை எதிர்வீட்டு சுலோச்சனா போனில் கூப்பிட்டாள்.

"உங்க வூட்டுச் சுவத்துல கை வைக்க முடியலம்மா. உள்ள யார்னா கீறாங்களா?"

"அவர் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்கறாருக்கா."

"சரி. நானும் புள்ளைங்களும் படுக்கப் போறோம். நீ வண்டி மைக்குல சொன்ன மாதிரியே, ஈரப் போர்வை போத்திக்கினு."

தமயந்தி போனை வைத்தாள். திரையில் தன் வீட்டைத் தேடினாள். 'ஆளில்லை' என்றிருந்தது. கற்றை அங்கேதான் பாய்ந்துகொண்டிருந்தது. ஈரத்துணிக்கு அடியிலிருக்கும் உடல் பெட்டியின் மோப்பத்துக்கு எட்டாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தச் சொன்னாள். உச்சி வெயிலில் நிறுத்த இயலாது என்று பெட்டி மறுத்தது. அந்த விதியை எழுதியவளும் அவளே.

வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கதவின் கைப்பிடி சுட்டது. உள்ளே கணவன் குணாளன், தலையோடு கால் நனைந்த போர்வைக்குள் அசையாமல் கிடந்தான். போர்வையை உருவி எறிந்தாள்.

"என்னங்க! கண்ணைத் திறங்க!"

வெடித்த உதடுகள் அசைந்தன. "தண்ணி..."

அவள் வாய்விட்டு அழுதாள். தண்ணீர் புகட்டி அவனை மடியில் சாய்த்துக்கொண்டபோது வெளியே கம்பத்தில் ஏதோ கிறீச்சிட்டது. பெட்டி இருவரையும் கண்டுகொண்டுவிட்டது. மரியாதையாகக் கற்றையைத் திருப்பியது, ஆளில்லாத எதிர்வீட்டுக்கு.

தமயந்தி ஓடிப்போய் சுலோச்சனாவின் கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள். அவளைக் கண்டதும் கற்றை அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அங்கும் கதவு சாத்தியிருந்தது. தெரு முழுக்கவே சாத்தியிருந்தது.

தெருக்கோடியில் அறிவிப்பு வண்டி மெல்ல ஊர்ந்து வந்தது. ஒலிபெருக்கியில் அவள் குரல்தான்:

"போர்வையை நல்லா நனைச்சு, தலையோட போத்திக்கிட்டுப் படுங்க. ஒண்ணும் பயமில்லை."