அடியில் ஒரு சிங்கம்

ட்ர்ரிங்...

டாக்டர் லோடவைக் வான் ஹுல்ஸ்டின் கோட்டுப் பையில் போன் அலறியது. பார்த்தார். முகம் சுளித்தார். அழைப்பை வெட்டினார்.

ஹாலந்தின் ஹார்லெமில், கால்வாயை ஒட்டிய குட்டி மியூசியம். மேஜை மேல் 1746-ஆம் வருடத்து வெள்ளி பிஸ்கட் பெட்டி. அது திருட்டுப் போய்விட்டதாகப் போலீஸை அழைத்தவள், மியூசியத்தைப் பராமரிக்கும் ஹில்யே.

"திருட்டுப்போன பொருள் எங்கே?" இன்ஸ்பெக்டர் மார்லூஸ் கேட்டாள்.

"இதோ, உங்க முன்னாடி," என்றார் ஹுல்ஸ்ட்.

"நல்ல திருடன். வச்சிட்டே போயிருக்கான்."

"இது நம்ம பெட்டி இல்லைங்க," என்றாள் ஹில்யே. "போட்டோ எடுக்கணும்னு போன வாரம் டாக்டர் வீட்டுக்குக் கொண்டு போனாரு. திரும்பி வந்தது வேற."

ஹுல்ஸ்ட் சிரித்தார்.

டச்சு வெள்ளியைப் பற்றி எழுநூறு பக்கப் புத்தகம் எழுதியவர். நாலு பேர் வாங்கினார்கள். இருவர் உறவு. மியூசியம் நிர்வாகக் குழுவுக்கும் அவரே தலைவர். விருந்துக்குப் போனால் முதலில் ஸ்பூனைக் கவிழ்த்து முத்திரை பார்ப்பார். சூப் அப்புறம்தான்.

லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்தார்.

"பாருங்க இன்ஸ்பெக்டர். கிரீடம் வச்ச சிங்கம்... நல்ல வெள்ளிங்கறதுக்கு. மூணு பெருக்கல் குறி... ஆம்ஸ்டர்டாமுக்கு. இந்த எழுத்து வருஷத்துக்கு. இது தட்டானோடது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால நான் எடுத்த போட்டோ, என் புத்தகம், பக்கம் 412. அச்சு அசல்!"

ட்ர்ரிங்... வெட்டினார்.

"நாளைக்குக் குழு கூடுது. இவளை வேலையை விட்டு அனுப்பிடலாம்."

மார்லூஸ் திரும்பினாள். "எதை வச்சு வேறன்னு சொல்றீங்க?"

ஹில்யே கையிலிருந்த, வெள்ளி துடைக்கும் துணியைப் பிசைந்தாள். சொன்னாலும் வேலை போகும். சொல்லாவிட்டாலும் போகும்.

சொன்னாள்.

"இதுல சிங்கம் இருக்கு."

"அதனாலதான் அசல்ங்கறேன்!"

"நம்ம பெட்டியில இல்ல, டாக்டர். நான் தேய்ச்சிட்டேன்."

"என்னது?"

"வெள்ளிக்கிழமை தவறாம, பத்தொன்பது வருஷம். அடியை யார் பார்க்கப் போறான்னு விட மனசு வரல. பத்தாவது வருஷம் சிங்கத்துக்கு முகம் போச்சு. போன வருஷம் வாலும் போச்சு. வேலை போயிடுமேன்னு மூடி மறைச்சேன்."

ஹுல்ஸ்டின் கண்ணிலிருந்து லென்ஸ் நழுவி விழுந்தது.

"கொண்டு போனப்போ அடியைப் பார்க்கலையா?" மார்லூஸ் கேட்டாள்.

"நான் எதுக்குப் பார்க்கணும்? புத்தகம் எழுதினதே நான்தானே..."

ட்ர்ரிங்...

இந்த முறை அவர் பையிலிருந்து போனை எடுத்தது மார்லூஸ். ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"யோவ் ஹுல்ஸ்ட், எத்தனை தடவைய்யா வெட்டுவே? ஆன்ட்வெர்ப்லேர்ந்து பேசறேன். நீ வித்த பெட்டியில சிங்கம் எங்கே? மூணு நாளா லென்ஸும் கையுமா தேடறேன், அடி மொழுமொழுன்னு இருக்கு. போலியை என் தலையில கட்டிட்டியா?"

"அசல்தாங்க," என்றாள் மார்லூஸ் இனிமையாக. "பழைய போட்டோவைப் பார்த்துச் செஞ்ச போலி இங்கே இருக்கு. பத்திரமா வச்சிருங்க. போலீஸ் வந்து வாங்கிக்கும்."

"அப்போ... என் வேலை?" ஹில்யே கேட்டாள்.

"அனுப்பறேன்னு சொன்ன தலைவரை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க அந்தத் துணியை மட்டும் தூரப் போடுங்க."

ஹுல்ஸ்டின் மணிக்கட்டில் கைவிலங்கு க்ளிக்கென்று பூட்டிக்கொண்டது.

பழக்கதோஷம்... அவர் அதைத் திருப்பி, அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார்.

"தேடாதீங்க, டாக்டர்," என்றாள் மார்லூஸ். "வெறும் இரும்பு. ஆனா அசல்."