ரெங்கம்மாவின் கடைசிச் சாட்சி

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க... உங்க குடைத்தண்ணி பூரா என் சேலையிலதான் வடியுது!"

பண்டாரவளை ரயிலடியிலிருந்து பதுளைக்குப் புறப்பட்ட தபால் குதிரை வண்டியில், எதிரே இருந்தவனைப் பார்த்து வெடுக்கென்று சொன்னாள் சௌந்தரம்.

அவன் நிமிர்ந்தான். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. கண்களில் மட்டும் ஏனோ ஒரு சிரிப்பு...

"தள்றதுக்கு எடம் வேணாமா? அந்தப் பக்கம் தபால் மூட்டை. இந்தப் பக்கம் உங்க அப்பா. மூட்டையக் கூட நகத்திடலாம்... இவர எழுப்பத்தான் மனசு வரல."

அப்போதுதான் கவனித்தாள். அப்பா அந்த அந்நியனின் தோளில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பொங்கி வந்த சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். மழை... தேயிலை மலைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வரும் வெள்ளை மழை...

"பதுளையில என்ன வேலைங்க?" என்றான் அவன்.

அந்நிய ஆணிடம் பேசக்கூடாதுதான். ஆனால் மனதில் இருந்த பாரம் யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது.

"கோர்ட்டுக்குப் போறோம். எங்க சின்னம்மா, ரெங்கம்மான்னு பேரு... பண்டாரவளை ரயிலடியில காப்பிக்கடை வச்சிருந்தாங்க. புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல. சின்ன வயசுலயே என்னை ஹல்துமுல்லைத் தோட்டத்துலேர்ந்து கூட்டிட்டு வந்து வளத்தாங்க. சாகுறதுக்கு முந்தி கடையை எனக்குன்னு மரணசாதனம், அதான் உயிலு, எழுதி வச்சிட்டுப் போயிட்டாங்க. நான் பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்த சமயம் பாத்து எழுதியிருக்காங்க. எனக்கே தெரியாது..."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது! அத கோர்ட்டு ஏத்துக்கிட்டாத்தானே கடை எனக்கு? சின்னம்மாவோட கொழுந்தனாரு கணபதி சித்தப்பா குறுக்க நிக்கிறாரு. காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்தவங்க கையைப் பிடிச்சு கைநாட்டு வாங்கிட்டாங்கன்னு சொல்றாரு. பத்திரம் எழுதிக் குடுத்த நொத்தாரிசு செத்துட்டாரு. ஒரு சாட்சி இந்தியாவுக்குப் போயிட்டாரு. மிச்சம் ஒரே ஒருத்தர்தான். வேலாயுதம்னு யாரோ ஒரு கணக்கப்பிள்ளையாம். ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தவரக் கூப்பிட்டு கையெழுத்து வாங்கியிருக்காங்க. போன தவணைக்கு அந்த மனுசன் வரவே இல்ல!"

"அடடா..."

"காப்பியக் குடிச்சாரு, கையெழுத்தப் போட்டாரு, போயே போயிட்டாரு! ஒரு பொண்ணு கடையில்லாம நடுத்தெருவுல நிப்பாளேன்னு நெனச்சாரா? அந்த ஆளு மட்டும் என் கையில கெடச்சா..."

"கெடச்சா?"

"வாயில கொதிக்கிற வெந்நிய ஊத்துவேன்!"

அவனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"ஒருவேள... சம்மன் அவர் கைக்குப் போய்ச் சேரலையோ என்னமோ?"

"நீங்க என்ன அவருக்கு வக்கீலா?"

"இல்லீங்க. கொஞ்சம் பழக்கம். அவ்வளவு மோசமான ஆளு இல்ல..."

சௌந்தரம் உதட்டைச் சுழித்தாள். அந்தச் சுழிப்பிலிருந்து அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பதுளை நீதிமன்றத்தின் வாசலில் கூட்டம் நெரிந்தது. சேவகன் உரக்கக் கூப்பிட்டான்.

"சாட்சி வேலாயுதம்! வேலாயுதம்!"

"இருக்கேங்க..."

அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். சௌந்தரம் திரும்பினாள். வண்டியில் எதிரே இருந்தவன்! அதே நனைந்த முடி... அதே சிரிப்பு...

அவள் காதுமடல் சூடானது. வழியெல்லாம் தன்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறானே!

அன்று வேறொரு வழக்கே மாலைவரை நீண்டது. ரெங்கம்மாவின் வழக்கை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார்கள். தாழ்வாரத்தில் வேலாயுதம் அவளிடம் வந்தான்.

"கோவிச்சுக்காதீங்க. போன தவணைச் சம்மன் நான் முந்தி வேலை பாத்த டிக்கோயாவுக்குப் போயிருக்கு. நான் அதுக்குள்ள அப்புத்தளைத் தோட்டத்துக்கு மாறி வந்துட்டேன். வண்டியிலேயே சொல்ல வாயெடுத்தேன்... வெந்நின்னதும் மூடிக்கிட்டேன்."

அப்பா சிரித்துவிட்டார். சௌந்தரம் சிரிக்கவில்லை.

"சாட்சி சொல்ல வந்தீங்க, சொல்லிட்டுப் போங்க. எங்கிட்டப் பேச வேண்டியதில்ல."

சொல்லிவிட்டு நடந்தாளே தவிர, கால்கள் என்னவோ மெதுவாகத்தான் நடந்தன. ஒருமுறை கூப்பிட மாட்டானா...? அவன் கூப்பிடவில்லை.

கூப்பிட நினைத்தவனைத் தடுத்தது சௌந்தரத்தின் வக்கீல்தான். அவன் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டு அவர் தணிந்த குரலில் சொன்னார்.

"தம்பி, வழக்கு முடியிற வரைக்கும் அந்தக் கடைப்பக்கம் காலடி வைக்காத. ஒரு வாய்க் காப்பி குடிச்சாலும், பொண்ணுக்காகப் பொய்ச்சாட்சி சொல்றான்னு எதிராளி வக்கீல் கிழிச்சிடுவாரு. கஷ்டம் அவளுக்குத்தான்."

இது சௌந்தரத்துக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டாரவளைச் சந்தைக்கு அவன் வருவான். கடை வாசலைக் கடந்துதான் போகவேண்டும். முதல் வாரம் அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அடுத்த வாரம் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவளைக் கண்டதும் சேற்றில் இறங்கித் தெருவின் அந்தப் பக்கமாகப் போய்விட்டான். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான்.

'நான் சொன்ன ஒரு வார்த்தைக்கா இவ்வளவு? போகட்டும்... எனக்கென்ன வந்தது?'

என்ன வந்ததென்று தெரியவில்லை. அன்று அவள் போட்ட காப்பியெல்லாம் கசந்தது. குடித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

மறுபடியும் பதுளை. சாட்சிக் கூண்டில் வேலாயுதம் நின்றான். வெள்ளைக்கார நீதிபதிக்குப் பக்கத்தில், தமிழை இங்கிலீஷில் சொல்ல முதலியார் ஒருவர்.

"ரெங்கம்மா அன்றைக்கு நினைவோடு இருந்தாரா?" என்று கேட்டார் கணபதியின் வக்கீல்.

"நல்லா இருந்தாங்க. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. காப்பியில இனிப்பு போதும்னேன். 'புது வேலைக்குப் போற புள்ள, வாய் இனிச்சிட்டுப் போ'ன்னு கருப்பட்டிய இன்னும் ஒரு துண்டு கையில குடுத்தாங்க. நொத்தாரிசு எழுதினத வாசிக்கையில பாதியில நிப்பாட்டுனாங்க. 'கடைன்னு மட்டும் எழுதுறியே, பின்னால இருக்கிற மாட்டுக்கொட்டில் எங்கே?'ன்னு அதட்டிச் சேத்து எழுத வச்சாங்க. அப்புறந்தான் கைநாட்டு."

சௌந்தரத்தின் கண்கள் நிறைந்தன. சின்னம்மாவேதான்... அந்த அதட்டல் காதில் கேட்டது.

வக்கீல் விடவில்லை. குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்.

"சத்தியம் செய்திருக்கிறாய். அந்தப் பெண் மேல் உனக்கு ஆசை உண்டா, இல்லையா?"

சௌந்தரத்தின் வக்கீல் துள்ளி எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். "சாட்சி பதில் சொல்லட்டும்" என்றார் முதலியார்.

'இல்லைன்னு சொல்லிடுங்க... இல்லைன்னுதானே உங்க மனசுலயும்...' சௌந்தரம் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலாயுதம் கம்பியை இறுகப் பிடித்தான்.

"உண்டுங்க."

மண்டபம் கசமுசவென்றது. "பாத்தீங்களா!" என்று கணபதி தொடையைத் தட்டினார். சௌந்தரம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடை போயிற்று... ஆனால் இந்த நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? கடைக்காகவா...?

"எப்போதிருந்து?" நீதிபதியே கேட்டார்.

"போன தவணைக்கு இங்க வந்தேனே, அன்னைக்கு. தபால் வண்டியில. அதுக்கு முந்தி அவங்கள நான் பாத்ததே இல்ல. கையெழுத்துப் போட்டது அதுக்கும் முந்தின வருசம்."

"அதன் பிறகு அவளிடம் பேசினாயா?"

"இல்லீங்க. வழக்கு முடியிற மட்டும் கடைப்பக்கமே போகல. நான் போனா அவங்களுக்குக் கெடுதல்னு வக்கீல் அய்யா சொன்னாரு. சந்தைக்குப் போறப்ப மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போவேன்..." கொஞ்சம் நிறுத்தினான். "திருப்புறது ரொம்பக் கஷ்டங்க."

முதலியார் தயங்கினார். கடைசி வார்த்தையை மொழிபெயர்ப்பதா வேண்டாமா? நீதிபதி, எதையும் விடாமல் சொல்லச் சொன்னார். முதலியார் நல்ல இங்கிலீஷில், முகம் சிவக்க, சொல்லி முடித்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தீர்ப்பு நீளமில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தச் சாட்சிக்குச் சௌகரியம். தனக்குப் பாதகமான இடத்திலும் உண்மை பேசியவன், மற்றதிலும் உண்மையே பேசியிருக்கிறான். மரணசாதனம் செல்லும். கடை சௌந்தரத்துக்கு.

வெளியே மழை விட்டு இளவெயில் அடித்தது. கணபதி முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"சித்தப்பா!" சௌந்தரம் கூப்பிட்டாள். "நம்ம கடைதான்... வழக்கம்போல வந்து காப்பி குடிங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.  முணுமுணுப்பு நின்றிருந்தது.

அப்பா வேலாயுதத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"அய்யா ஊரு துறையூருங்க."

"நமக்கு முசிறி! ரொம்பக் கிட்டத்துலதான்..." அவர் முகம் மலர்ந்தது. "நான் போய் வண்டிக்கு எடம் இருக்கான்னு பாத்துட்டு வாறேன்" என்று வேண்டுமென்றே மெதுவாக நடந்தார்.

இருவர் மட்டும். வேலாயுதம் தரையைப் பார்த்தான்.

"மன்னிச்சிருங்க... இத்தன பேருக்கு முன்னால உங்களத் தலகுனிய வச்சிட்டேன். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல வரல."

"ஜட்ஜு துரைகிட்டச் சொன்னீங்க. முதலியார்கிட்டச் சொன்னீங்க. சித்தப்பாவுக்குக்கூட கேட்டுச்சு..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்கிட்ட மட்டும் இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

அவன் நிமிர்ந்தான். அவள் கண்களில் கோபம் இல்லை. மழைக்குப் பிந்திய வெயில் மாதிரி என்னவோ...

"உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, சௌந்தரம்."

அவள் முந்தானை நுனியைச் சுற்றினாள்... அவிழ்த்தாள்... மறுபடி சுற்றினாள்.

"எனக்குச் சத்தியமெல்லாம் பண்ணத் தெரியாது" என்றாள் மெல்ல. "ஆனா... ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வாசல்ல நின்னது, யாவாரத்துக்காக இல்ல."