எட்டாவது டிஸ்க்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்றைக்குச் சொல்லப்போவது சிரிக்க வைக்கிற கதை இல்லை. ஆனால் கேட்டு முடித்தால் யாரையும் சட்டென்று திருடன் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது.

துப்பறிகிறவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூடவே அலையும் அவர் மனைவியின் தம்பிக்கு 'அவசரம்' என்று பெயர். அன்று காலை அவசரம் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றாள். அழுது தீர்ந்துபோன முகம்.

"என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவர் சார். விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க. ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்தபடியே நெஞ்சடைச்சுப் போயிட்டார்."

அவசரம் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ஒரு மருத்துவமனை கழித்துப்போட்ட எட்டு ஹார்ட் டிஸ்க்குகள், பாஸ்வேர்டு பூட்டோடு கடைக்கு வந்தன. பூட்டைக் கழற்றிப் பழைய சர்வரில் போட்டு ஓட்டுவது அவள் கணவரின் வேலை. அதிலிருந்த நோயாளிகளின் ரகசியங்களை வைத்து யாரோ குடும்பங்களை மிரட்ட, பழி அவர் தலையில் விழுந்தது.

"'நான் திறந்தா உள்ளே ஒண்ணுமே மிஞ்சாதே'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். யாரும் காதுல வாங்கலை. நானும்தான். இப்ப போறவங்க வர்றவங்கல்லாம் வாசல்ல துப்பிட்டுப் போறாங்க. பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது. அவர் பேரையாவது மீட்டுக் கொடுங்க."

அவரைக் கூட்டிப்போன அன்றே கடைக்குப் போலீஸ் சீல் வைத்திருந்தது. மறுநாள் பகலில் இன்ஸ்பெக்டர் வந்து திறந்தார். அந்தப் பெண்ணும் கூட வந்திருந்தாள். கணவரின் கடைக் கூட்டாளி கண்ணைத் துடைத்தபடி நின்றார்.

"டிஸ்க்கை வாங்கினது யாரு?" என்றார் நிதானம்.

"நான்தான் சார். அந்த ஆஸ்பத்திரி மெஷினை ஒன்பது வருஷம் பார்த்தவன். பூட்டைத் திறந்தது அவன். டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற லேபிள்ல இருக்கிற நீள நம்பரைப் போட்டு எட்டையும் திறந்தான், நான் பக்கத்துலயே நின்னேன். எட்டாவதுல நோயாளிங்க விவரம் அப்படியே கிடந்துச்சு. அதைப் பார்த்ததும் அவன் புத்தி கெட்டுப்போச்சு."

நிதானம் சர்வருக்கு முன்னால் குனிந்தார். எட்டு டிஸ்க்குகள். ஏழின் முகப்பில் காகித டேப். அதில் எண்ணும் எழுத்துமாகப் பொடிப்பொடியாக எழுதிய முப்பத்திரண்டு எழுத்து நீள நம்பர். எட்டாவதில் ஒன்றுமில்லை.

"இது எதுக்கும்மா?"

"செருகிட்டா லேபிள் உள்ளே மறைஞ்சிடும் சார். மறுபடி உருவக் கூடாதுன்னு, முதல்லயே நம்பரைப் பார்த்து எழுதி ஒட்டிடுவார். ஒட்டாம ஒண்ணைக்கூடச் செருக மாட்டார்."

"அப்ப எட்டாவதைச் செருகினது வேற கை," என்று அவசரம் துள்ளினான்.

"இரு மாப்ளே." நிதானம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "இந்த மாதிரிப் பூட்டை எப்படிக் கழற்றுவாங்கன்னு நேத்து ரெண்டு கடையில கேட்டேன். லேபிள் நம்பரைப் போட்டா பூட்டு கழலும், உள்ளே இருக்கிறது மொத்தமும் அழிஞ்சிடும். செத்தவர் சொன்னதும் அதைத்தான். விவரம் அப்படியே கிடந்துச்சுன்னா, திறந்தது ஆஸ்பத்திரியோட பழைய பாஸ்வேர்டு."

"அது அவருக்கும் தெரிஞ்சிருக்கலாமே, அத்தான்?"

"தெரிஞ்சவர் உட்கார்ந்து ஏழு நம்பரை எழுத்தெழுத்தாப் பார்த்து எழுதுவாரா? ஒரே பாஸ்வேர்டுல எட்டும் திறந்திருக்குமே. ஒன்பது வருஷம் அந்த மெஷினைப் பார்த்த இவருக்குத்தான் பாஸ்வேர்டு தெரியும். லேபிள் நம்பர் என்ன செய்யும்னு தெரியாது. தானே திறந்து, விவரத்தை எடுத்து மிரட்டிட்டு, அந்த டிஸ்க்கை இங்கே செருகி வெச்சார். கதையை மட்டும் தப்பாக் கட்டிட்டார்."

கூட்டாளி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். செத்துப்போவான்னு நெனைக்கலை."

அவள் குரல் உயரவே இல்லை. "என் வீட்டுக்கு வந்து என் பொண்ணு தலையைத் தடவிக் கொடுத்தீங்களே, அண்ணே."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"மன்னிப்பு வேண்டாம் சார்," என்றாள் அவள். "என்கூட வாங்க. எங்க தெருவுல இருபத்திரண்டு வீடு. ஒவ்வொரு வாசலா நின்னு, அவர் பண்ணலைன்னு உங்க வாயால சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் போனார். இருபத்திரண்டு வாசலிலும் நின்று சொன்னார். சில வீடுகளில் கதவு பாதிதான் திறந்தது. இரண்டடி பின்னால் அவள் நின்றாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒருவர் வாய் திறந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்க நாலு காது இருக்கட்டும். உங்கள் வாசல் சுத்தமாக இருக்கட்டும்.