மாதேஷ் தேடிய ஓட்டை

ஜீவிதாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். வேறு யாராவது சொன்னால்தான் சண்டைக்கு வருவாள்.

மைசூரில் பன்னிமண்டபம் பக்கம் அவளுடைய அப்பா அய்யாவு ஒரு கடை வைத்திருந்தார். கார்களுக்குப் பாட்டுப் பெட்டி பொருத்துவார், சீட்டுக்கு உறை தைப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆறாம் வகுப்பு ஜீவிதாவும் அங்கேதான் இருப்பாள். கடையைத் தான் பார்த்துக்கொள்வதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தான் பார்த்துக்கொள்வதாக அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு ஒரு வெள்ளை டாக்சி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பெயர் கரியப்பன். அவர் மனைவி தேவம்மாவும், குல்லாய் போட்ட ஒரு சின்னப் பையனும் கூடவே இறங்கினார்கள்.

"வண்டிக்கு சப்வூஃபர் போடணுங்க. டொம்முன்னு மேளச் சத்தம் வருமே, அது" என்றார் கரியப்பன்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் ஜீவிதா முந்திக்கொண்டாள்.

"மாமா, அந்த ஸ்பீக்கரை வைக்கிற பெட்டி ரெண்டு தினுசு. சீல்டு பெட்டின்னா எல்லாப் பக்கமும் அடைச்சிருக்கும். சத்தம் அளவா, சுத்தமா வரும். டிக்கியில இடமும் அடைக்காது. போர்ட் பெட்டின்னா அதுல ஒரு ஓட்டை இருக்கும். உள்ள இருக்கிற காத்து அது வழியா வந்து சத்தத்தைப் பெருசாக்கும். ஆனா பெட்டியும் பெருசு. உங்களுக்கு எது?"

கரியப்பன் பையனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சவாரிக்கு வர்றவங்க கேக்கறாங்க. அவங்களுக்குத்தாங்க" என்றார்.

"அப்போ சீல்டே போதும். லக்கேஜ் வைக்க இடம் வேணுமில்ல?" என்று சொல்லிவிட்டு, அப்பா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு டிக்கியை அளக்கப் போனார். கரியப்பனும் போனார்.

கடைக்குள்ளே ஒரு பெரிய போர்ட் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. பரத் என்ற கல்லூரி அண்ணன் செய்யச் சொன்னது. கறுப்பு பெயிண்ட் இன்னும் காயவில்லை. குல்லாய்ப் பையன் நேராக அதனிடம் போனான். அதன் ஓட்டைக்குள் கையை விட்டான். அவனுடைய ஒரு கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"ஏய், முட்டபேடா!" என்று ஜீவிதா கத்தினாள்.

அவன் திரும்பவே இல்லை. வெளியூர்ப் பையன், கன்னடம் தெரியாது போலிருக்கிறது என்று தமிழிலும் கத்திப் பார்த்தாள்.

"தொடாதேடா! பெயிண்ட் காயல!"

கை இன்னும் ஆழமாகப் போயிற்று.

ஜீவிதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவன் மூக்குக்கு நேரே விரலை ஆட்டினாள்.

"எத்தனை தடவை சொல்றது? காது என்ன செவிடா உனக்கு?"

பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அந்த இழுப்பில் பையனுடைய குல்லாய் நழுவிவிட்டது. காதுக்குப் பின்னால் ஒரு குட்டி மிஷின் தெரிந்தது.

"ஆமாங் கண்ணு, அவனுக்குக் காது கேக்காது" என்றார் தேவம்மா. குரலில் கோபமே இல்லை. "பொறந்ததுல இருந்தே அப்படித்தான். மிஷினு போட்டாலும் லேசாத்தான் தெரியும். மைசூருல பேச்சுப் பயிற்சி குடுக்கறாங்கன்னுதான் மார்டள்ளியில இருந்து இங்க வந்துட்டோம். பேரு மாதேஷ்."

பையனின் கையிலிருந்த பெயிண்டைத் தன் முந்தானையால் துடைத்தார். "உங்க பெயிண்டு கெட்டுப்போச்சா? நாந்தான் பாத்துக்கலை. தப்பா எடுத்துக்காத கண்ணு."

ஜீவிதாவுக்கு முகம் சுட்டது. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தப்பு செய்தவள் இவள், மன்னிப்புக் கேட்பது அவரா?  

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. பூமி பிளக்கவில்லை. கடைக்குப் பின்பக்கம் ஒரு மூலை இருந்தது. சீட்டு உறைத் துணிகளுக்கும் ஸ்பாஞ்சுத் துண்டுகளுக்கும் நடுவே போய் ஒளிந்துகொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது அவள் அப்படிக் கேட்பாள். "காது செவிடா உனக்கு?" அதைக் கேட்டு எல்லாரும் சிரித்துவிட்டு, "நீதான் செவிடு" என்று திருப்பிச் சொல்வார்கள். யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. அவர்கள் போகும்வரை இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

வெளியே அப்பா ஒரு சீல்டு பெட்டியை எடுத்து வைத்துப் பாட்டுப் போட்டார். "கேட்டுப் பாருங்க. எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"நல்லாத்தாங்க இருக்குது" என்றார் கரியப்பன்.

துணிகளின் இடுக்கு வழியே ஜீவிதா பார்த்தாள். மாதேஷ் மெதுவாக அந்தப் பெட்டியிடம் வந்தான். முன்பக்கம் கை வைத்தான். பிறகு இடது பக்கம், வலது பக்கம். குனிந்து பின்பக்கமும் தடவினான். எதையோ தேடினான். கிடைக்கவில்லை. போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டான். கால் தட்டவில்லை.

எதைத் தேடினான்?

ஜீவிதாவுக்குச் சட்டென்று புரிந்தது. ஓட்டையைத் தேடினான். போர்ட் பெட்டி பாடும்போது ஓட்டையருகே கை வைத்தால் காற்று புஸ் புஸ்ஸென்று அடிக்கும். மேளம் அடிக்க அடிக்கக் காற்றும் அடிக்கும். முதலில் அவன் கால் சரியாக மேளத்தோடு அல்லவா தட்டிக்கொண்டிருந்தது! அவன் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அதிலிருந்துதான் அவள் அவன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"அப்போ இதையே பொருத்திடறேன்" என்ற அப்பாவின் குரல் கேட்டது. டிரில் மிஷின் உறுமத் தொடங்கியது.

போய்ச் சொல்லலாம். ஆனால் தேவம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பையனையும் பார்க்க வேண்டும். சொல்லாமலே இருக்கலாம். ஆனால் ஓட்டையில்லாத பெட்டியோடு அவன் வீட்டுக்குப் போய்விடுவான்.

"அப்பா, ஒந்து நிமிஷ!" என்று வெளியே ஓடி வந்தாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. பெயிண்ட் போனால் மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்று போர்ட் பெட்டியில் பாட்டைப் போட்டாள். மாதேஷிடம் ஓட்டையைக் காட்டி, 'வா, கை வை' என்று சைகை செய்தாள்.

மாதேஷ் அவசரமாக இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அன்றைக்கு ஜீவிதாவுக்கு மிகவும் வலித்தது அதுதான். அழுகை வந்துவிடும் போலிருந்தது. கையை நீட்டி அவனை அழைக்கவும் பயமாக இருந்தது. இழுத்த கை அல்லவா!

அவள் தரையில் மண்டியிட்டு, தன் முகத்தையே ஓட்டைக்கு நேரே வைத்தாள். புஸ், புஸ், புஸ். நெற்றி முடி மேளத்துக்கு ஏற்ப எழும்பி எழும்பி விழுந்தது. ஒரு முடி மூக்குக்குள் போய்த் தும்மலும் வந்துவிட்டது.

மாதேஷ் கிளுக்கென்று சிரித்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கை மெல்ல முன்னால் வந்தது. கால் தட்டத் தொடங்கியது.

"மாமா, பெட்டி சவாரிக்காரங்களுக்கா, இவனுக்கா?" என்று ஜீவிதா கேட்டாள்.

கரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "இவனுக்குத்தாங்க. கார்ல பாட்டுப் போட்டா கதவுல கன்னத்தை வெச்சுக்குவான். ஆனா காது கேக்காத பையனுக்குப் பாட்டுப் பெட்டியான்னு ஊருல சிரிச்சாங்க. நீங்களும் சிரிப்பீங்கன்னு சொல்லலை."

"நாங்க ஏங்க சிரிக்கப் போறோம்?" என்று அப்பா ஜீவிதாவைப் பார்த்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஜீவிதா தரையைப் பார்த்தாள்.

"ஆனா இவ்வளவு பெரிய பெட்டி வெச்சா லக்கேஜை எங்க வைக்கிறது?" என்றார் அப்பா.

"சின்ன ஸ்பீக்கர் போட்டா சின்னப் பெட்டி போதும்னு நீங்கதானேப்பா சொல்வீங்க? எட்டு இஞ்ச் போடலாமா?"

அப்பா யோசித்தார். "போடலாம். ஓட்டையை சீட்டுப் பக்கமா மேலே பாத்து வெச்சா இவன் கைக்கும் எட்டும். ஆனா சவாரிக்கு வர்றவங்க டொம் டொம்முன்னு இருக்கு, தலைவலின்னு சொல்வாங்களே?"

ஜீவிதா ஒளிந்திருந்த மூலைக்கு மறுபடி ஓடினாள். ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் சுருட்டி எடுத்து வந்தாள். போர்ட் பெட்டியின் ஓட்டையில் அதைத் திணித்தாள். டொம் டொம் அடங்கி, சத்தம் அளவாக வந்தது.

"அட, கிட்டத்தட்ட சீல்டு மாதிரியே ஆயிடுச்சே!" என்றார் அப்பா.

"சவாரி வந்தா இதை வெச்சு அடைச்சிருங்க மாமா. இவன் வந்தா எடுத்துருங்க."

மாலைக்குள் அப்பா புதிய பெட்டியை அடித்து முடித்தார். ஸ்பாஞ்சை ஜீவிதாவே அளவாக வெட்டிக் கொடுத்தாள். டாக்சியில் பொருத்தியதும் மாதேஷ் பின்சீட்டில் ஏறி, பின்பக்கம் திரும்பி மண்டியிட்டு, சீட்டுக்கு மேலே எட்டி ஓட்டையில் கை வைத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

ஜீவிதாவுக்கு மட்டும் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. தேவம்மாவிடம் போனாள்.

"மன்னிச்சிருங்க அத்தே. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"எங்கிட்ட எதுக்குக் கண்ணு? அவங்கிட்டச் சொல்லு."

அவனிடம் எப்படிச் சொல்வது? ஜீவிதா கார்க் கதவருகே நின்றாள். கைகளைக் குறுக்கே மாற்றி இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு ஒரு தோப்புக்கரணம் போட்டாள்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஐயோ, காதைக் காட்டி மறுபடியும் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டால்? எழுந்திருக்கவே பயமாக இருந்தது.

மாதேஷ் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு முகத்தைச் சுளித்து, கண்ணை உருட்டி, ஒரு விரலை அவள் மூக்குக்கு நேரே ஆட்டினான். அச்சு அசல் ஜீவிதா! தேவம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜீவிதாவுக்கு வெட்கத்தில் காது நுனிவரை சிவந்தது.

மாதேஷ் ஒரு கையை ஓட்டையில் வைத்தான். மறு கையை மேலே தூக்கினான், கீழே இறக்கினான். மேலே, கீழே. எழுந்திரு, உட்கார்.

ஜீவிதா எழுந்தாள், உட்கார்ந்தாள். காரில் ஓடியதோ தேர்த் திருவிழாப் பாட்டு. மேளம் வேகம் பிடித்தது. மாதேஷின் கையும் வேகம் பிடித்தது. ஓர் அடிகூடத் தப்பவில்லை.

"அத்தே, போதும்னு சொல்லுங்க அத்தே!" என்று ஜீவிதா மூச்சு வாங்கினாள்.

"எனக்குத் தெரியாது கண்ணு. அவந்தான் விடணும்."

மாதேஷ் ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தான். அவளைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். இன்னும் ரெண்டு என்று விரலைக் காட்டினான். அவள் அதையும் போட்டு முடித்ததும், ஸ்பாஞ்சை ஓட்டையில் வைத்து அழுத்தி அடைத்தான்.

அப்போதுதான் ஜீவிதா காதிலிருந்து கையை எடுத்தாள்.