பத்து முறுக்குத் தவளை

“டேய், நிறுத்துங்கடா! தவளை ஏறிடுச்சு!”

மேளச் சத்தம் சட்டென்று நின்றது.

புந்தோங் ஊரில், வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் உருமி மேளக் குழு பழகிக்கொண்டிருந்தது. கத்தியவன் கனகராஜ். குழுவின் தலைவன், தினேஸ்வரியின் அண்ணன்.

பதினொரு வயது தினேஸ்வரி எட்டிப் பார்த்தாள். அண்ணனின் கைப்பேசியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பச்சைத் தவளை பல்லைக் காட்டியது.

“இது என்னாண்ணே?”

“தவளை காயின். இன்டர்நெட் காசு. போன வாரம் ஒரு வெள்ளி காசு கொடுத்து வாங்கியிருந்தா இப்ப நாலு வெள்ளி!”

“யாரு செஞ்சா?”

“யாரோ சும்மா ஜோக்குக்குச் செஞ்சாங்களாம் லா.”

“இதைக் கொடுத்தா ரொட்டி சானாய் தருவாங்களா?”

“தர மாட்டாங்க.”

“அப்புறம் ஏன் விலை ஏறுது?”

“எல்லாரும் வாங்குறாங்க, அதான்.”

“ஏன் வாங்குறாங்க?”

“விலை ஏறுதில்ல!”

தினேஸ்வரி தலையைச் சொறிந்தாள். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோமே!

அடுத்து அண்ணன் சொன்னதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

“உருமி காசு எண்ணூறு வெள்ளியையும் இதில போடப் போறேன். அஞ்சு மணிக்குள்ள வாங்கணும், அப்புறம் விலை இன்னும் ஏறிடுமாம்.”

“ரெட்டிப்பாச்சுன்னா ரெண்டு உருமி! போடுண்ணே!” என்றான் குழுவில் இருந்த ஜெயபாலன்.

பழைய உருமியின் தோல் கிழிந்துவிட்டது. தைப்பூசத்துக்கு மூன்றே வாரம். குழுவின் நான்கு பேரும் சனி, ஞாயிறுகளில் கார் கழுவிச் சேர்த்த பணம் அது. புது உருமி வந்தால்தான் குழு போகும். குழு போனால்தான் தாளம் தட்ட தினேஸ்வரிக்கு முதல் வாய்ப்பு.

மணி நாலே முக்கால்.

அவள் வீட்டுக்குள் ஓடினாள். திரும்பியபோது ஒரு கையில் முறுக்குப் பொட்டலம். மறு கையில் ஒரு தாள். தாளில், கண்ணாடி போட்ட தவளை!

“எனக்கு ஒண்ணு தெரியணும். ஆளுக்குப் பத்து முறுக்கு. அதான் உங்க காசு. யாரும் இப்பத் தின்னக் கூடாது. தவளையை வாங்கினவங்க யாருக்கு வேணும்னாலும் விக்கலாம். என் விலை ஒரு முறுக்கு!”

“எனக்கு!” என்று பறித்துக்கொண்டான் தர்மா.

“மூணு தாரேன், கொடு மச்சான்,” என்றான் ஜெயபாலன். தவளை கை மாறியது.

“ஆறு!” துள்ளினான் பத்துமலை. மறுபடியும் கை மாறியது.

கனகராஜுக்குப் பொறுக்கவில்லை. “பத்தும் தாரேன்! கொண்டா இங்க!”

பத்துமலை விற்றுவிட்டான். கனகராஜ் தாளை உயரே தூக்கிப் பிடித்தான்.

“இப்பப் பாரு. பன்னிரண்டு! யாருக்கு வேணும்?”

மூவரும் தவளையைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் முறுக்கைப் பார்த்தார்கள். பத்துமலை ஒன்றை எடுத்துக் கடித்தான். கறுக்!

“வேணாண்ணே. பேப்பர்தானே?”

“எட்டு?”

கறுக், மொறுக்.

“சரி லா, ஒண்ணே ஒண்ணு! பசிக்குதுடா!”

“தவளையைத் தின்னுண்ணே,” என்றான் தர்மா, வாய் நிறைய முறுக்கோடு.

கொட்டகையே சிரித்தது. கனகராஜ் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, போன்ல இருக்கிற தவளையை உன்கிட்டேருந்து யாரு வாங்குவா?” தினேஸ்வரி கேட்டாள்.

“யாராவது வாங்குவாங்க.”

“அவங்ககிட்டேருந்து?”

மணி நாலு ஐம்பத்தெட்டு. கனகராஜின் விரல் கைப்பேசியின் மேல் அப்படியே நின்றது.

பிறகு, மேளக்கடை புஷ்பலதா அக்காவின் எண்ணைத் தட்டியது.

“அக்கா, கனகராஜ் பேசுறேன். அந்த உருமியை யாருக்கும் கொடுத்துடாதீங்க. காசோட இப்பவே வாரேன்!”

தினேஸ்வரி, தவளை விற்றுச் சம்பாதித்த ஒற்றை முறுக்கை அவனிடம் நீட்டினாள். அவன் பாதியை உடைத்து அவளுக்கே கொடுத்தான்.

மறுநாள் தவளை காயின் இன்னும் ஏறியது. கனகராஜ் பெருமூச்சு விட்டான். அதற்கடுத்த நாள் பாதிக்கும் கீழே விழுந்தது. அவன் பார்க்கவே இல்லை. புது உருமி அவன் கையில் உறுமிக்கொண்டிருந்தது.

தைப்பூசத்தன்று, கனகராஜின் உருமிப் பையில் ஒட்டியிருந்த தவளைப் படத்தை ஒரு சின்னப் பையன் கண்கொட்டாமல் பார்த்தான்.

“அண்ணே, இது எவ்வளவு?”

“பத்து முறுக்கு. வேணுமா?”

பையன் கையிலிருந்த முறுக்கைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

தினேஸ்வரி சிரித்துக்கொண்டே தாளத்தை ஓங்கித் தட்டினாள்.