பாதி குலுக்கிய ஷேக்கர்

பகலில் அந்த பார் வேறு மாதிரி இருந்தது. நாற்காலிகள் மேசைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தன. தரை துடைத்த ஈரமும் முந்தின நாள் எலுமிச்சைத் தோலும் மணத்தன. அங்கே மது கலந்து கொடுக்கும் வேலையில் இருந்து இறந்துபோன என் கணவரின் பொருளை வாங்கிவரக் கொழுந்தனோடு போயிருந்தேன். வீட்டில் மிச்சம் நாங்கள் இருவர்தான். அவனும் அண்ணனிடம் தொழில் பழகியவன். அண்ணன் நின்ற இடத்தில் அவனையே வேலைக்கு வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மதுவும் ஐஸும் போட்டு அவர் குலுக்கும் ஷேக்கர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மேலே சிறு விளக்கு. அழகான பொருள்தான். இடுப்பு ஒடுங்கிய வெள்ளி உடல், தோள்போல் சரிந்த வடிகட்டி, அதன்மேல் விரல் பதிவதற்கென்றே உருண்ட மூடி. பிடிக்கப்போகும் கையை நினைத்துக்கொண்டே யாரோ செய்திருந்தார்கள்.

மூடி சாத்தியிருந்தது.

கொழுந்தன் முகம் மாறியது. "கழுவி, பிரிச்சு, கவுத்து வைக்கலையா?"

"அவர் விழுந்தப்ப கையில எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சேன். ஒரு மரியாதைக்குத்தான்" என்றார் முதலாளி.

குலுக்கிக்கொண்டிருக்கும்போதே என் கணவரின் நெஞ்சு நின்றுவிட்டது. குலுக்கத் தொடங்கியதை ஊற்றாமல் வைப்பதில்லை என்பது அந்தத் தொழிலில் இவர்கள் காத்த வழக்கம். கேட்டவர் எழுந்து போய்விட்டாலும் தொட்டியிலாவது ஊற்றிவிடுவார்கள். முதலாளி பணம் மட்டும் போட்டவர். அவருக்கு அது தெரியாது.

"இத்தனை மாசமா உள்ளயே கிடக்கு. மூக்கைப் பொத்திக்கோங்க அண்ணி, திறந்தா முதலாளிக்கே மயக்கம் வரும்" என்று சிரித்தபடி கொழுந்தன் பெட்டிக்குள் கைவிட்டான்.

எடுத்ததும் சிரிப்பு நின்றது.

"சில்லுனு இருக்கு."

மூடி அசையவில்லை. குளிரில் உலோகம் இறுகினால் அப்படிப் பிடித்துக்கொள்ளும். பழக்கத்தில் காதருகே கொண்டுபோய் ஒருமுறை ஆட்டிப்பார்த்தான்.

உள்ளே ஐஸ் மோதியது.

முழுக் கட்டிகள்.

"வச்சிடு. அப்படியே வச்சிட்டு வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

அவன் வைக்கவில்லை. தோளுக்கு மேல் தூக்கிக் குலுக்கத் தொடங்கினான். அது அவன் குலுக்குகிற விதம் இல்லை. நீளமாக இரண்டு இழுப்பு, பிறகு மழை அடிப்பதுபோல் வேகம். கல்யாணமான புதிதில் என் கணவர் அரிசி போட்ட டப்பாவை வைத்துச் சமையலறையில் பழகியபோது நாளெல்லாம் கேட்ட சத்தம்.

"அண்ணி... நான் ஆட்டல."

வெள்ளியின்மேல் பனி ஏறியது. அவன் விரல் நுனிகள் வெளுத்தன. நகங்கள் நீலமாயின. முதலாளி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"திறந்து ஊத்திடுடா."

"முடியல அண்ணி. அண்ணன் விட மாட்டேங்கிறாரு."

இரண்டு கைகளாலும் அவன் கைகளைப் பற்றி இழுத்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே, அவன் விரல்களுக்கு இடையில், இருக்கவேண்டியதைவிட அதிகமான விரல்கள் இருந்தன.

அவற்றில் சில எனக்குப் பழக்கமானவை.

குலுக்கல் நின்றபோது அவனும் நின்றுபோனான். நெஞ்சுதான், குடும்பத்திலேயே இருக்கிற நோய் என்றார் மருத்துவர். ஷேக்கரின் மூடி தானாகக் கழன்று அவன் பக்கத்தில் கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அடிவரை காய்ந்திருந்தது.

முதலாளி அதை உருக்கக் கொடுத்தார். அது உருகி ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். இப்போது வீட்டில் நான் மட்டும்.

நேற்றுக் காலை பால் பொங்கிவிட்டது. அவசரத்தில் துணி தேடாமல் வெறுங்கையாலேயே பாத்திரத்தை இறக்கினேன்.

கை சுடவில்லை.

விரல்கள் விடாமல், பாத்திரத்தைக் கீழே வைக்கத்தான் வெகுநேரம் ஆயிற்று.