தவிட்டு மூட்டைக்குக் கீழே

சத்யப்ரியாவுக்கு வீட்டுப்பாடம் எழுத மேசை வேண்டாம், நாற்காலி வேண்டாம். ஒரு தவிட்டு மூட்டை போதும். பள்ளிவிட்டு வந்ததும் முகம் கழுவுவாள். அம்மா பூவம்மாள் தரும் தேநீரைக் குடிப்பாள். பிறகு புத்தகப் பையுடன் நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போய், மூலையில் கிடக்கும் மூட்டையின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வாள். அன்றைய பாடத்தை உரக்கப் படிப்பாள். எதிரே ஐந்து மாடுகள் அசைபோட்டபடி கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த ஐந்தில் முதல் மாணவி ராக்கெட். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. கன்றாக இருந்தபோது தாம்பரம் வானத்தில் பறந்த விமானச் சத்தத்துக்குப் பயந்து ஒருமுறை ஓடியது. அந்த ஓட்டத்துக்காக வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு ராக்கெட் எதற்காகவும் ஓடியதில்லை. இப்போது விமானம் தலைக்கு மேலேயே போனாலும் காதைக்கூடத் திருப்பாது.

இந்த வகுப்பறைக்கு ஒரு தலைமை ஆசிரியரும் உண்டு. அவர் ஒரு டேபிள் டென்னிஸ் பந்து. சத்யப்ரியா அதில் இரண்டு கண்களும் ஒரு முறுக்கு மீசையும் வரைந்து, ‘ஹெட்மாஸ்டர்’ என்று பெயர் சூட்டியிருந்தாள். மூட்டையின் மடிப்பில் உட்கார்ந்து அவர் எல்லாரையும் முறைத்துக்கொண்டிருப்பார். ஆனால், சில நாட்களாக அவரைக் காணவில்லை. கொட்டகை முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை.

முன்பெல்லாம் அந்த மூட்டை வாசல் அருகேதான் இருந்தது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அப்பா பாலகுரு அதை மூலைக்கு நகர்த்திவிட்டார்.

“இங்க குந்திக்க கண்ணு. காத்து நல்லா வரும்” என்றார்.

காற்று அப்படியொன்றும் வரவில்லை. இருந்தாலும், அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சத்யப்ரியா அங்கேயே உட்காரப் பழகிவிட்டாள்.

அன்று மாலை தெருமுனையில் ‘டப டப டப’ என்று ஒரு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளர் தனசிங்கின் ஸ்கூட்டர் அது. ஆள் வந்து சேருவதற்கு வெகுநேரம் முன்பே அதன் சத்தம் வந்துவிடும்.

“கண்ணு, ஓடிப் போயி உன் எடத்துல குந்து. சார் வர்றாரு” என்று அப்பா அவசரப்படுத்தினார்.

மகள் படிக்கிற அழகை ஆய்வாளருக்குக் காட்டுவதில் அப்பாவுக்கு எத்தனை பெருமை என்று சத்யப்ரியா எண்ணிக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

தனசிங் உள்ளே வந்து நெற்றி வியர்வையைத் துடைத்தார். “பாலகுரு, ஏரிக்கரைத் தெருவுல வாசலுக்கு வாசல் சாணித் தண்ணி நிக்குது. மறுபடியும் புகார் வந்திருக்கு.”

“நம்ம கொட்டாய்லேர்ந்து ஒரு சொட்டு போவாது சார். எல்லாம் பின்னாடி குழிக்குத்தான் போவுது. வந்து பாருங்க.”

ஆய்வாளர் குழியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். சுவரோரமாக நடந்தார். வெளியே மழைநீர் வடிகால் நெடுகிலும் சிமென்ட் பலகை போட்டு மூடியிருந்ததால், எந்த இடத்திலிருந்து தண்ணீர் சேர்கிறது என்று மேலிருந்து தெரியவில்லை. கடைசியில் சத்யப்ரியாவிடம் வந்து நின்றார்.

“இன்னைக்கு என்ன பாடம்மா?”

“நீர்ச் சுழற்சி, சார்.”

“நல்ல பாடம். போற தண்ணி எங்கயாவது திரும்பி வந்துதானே ஆகணும்! படி, படி. நான் தொந்தரவு பண்ணலை.”

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து மறைந்தது. அப்பா நெடுமூச்சு விட்டார். அது ஏன் என்று சத்யப்ரியாவுக்குப் புரியவில்லை.

சத்யப்ரியாவின் வகுப்பில் ஜாய்சன் என்றொரு பையன் இருந்தான். ஏரிக்கரைத் தெருவிலிருந்து வருவான். அவனுடைய ஷூ எப்போதும் ஈரமாக இருக்கும். பக்கத்தில் போனால் சாணி வாடை வீசும். “சாணி எக்ஸ்பிரஸ் வந்துடுச்சு! வழி விடுங்கடா!” என்று பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்களோடு சேர்ந்து சத்யப்ரியாவும் சிரித்திருக்கிறாள். ஜாய்சன் கடைசி பெஞ்சுக்குப் போய்த் தனியாக உட்காருவான்.

ஆய்வாளர் வந்து போனபின் இரண்டு நாளாக அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுப்பாடத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி, வீடு பக்கத்தில் இருக்கிற சத்யப்ரியாவிடம் ஆசிரியை சொல்லியனுப்பினார்.

ஏரிக்கரைத் தெரு பள்ளத்தில் இருந்தது. வாசல்களில் கறுப்பும் பச்சையுமாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. நடப்பதற்காக இடையிடையே செங்கற்களைப் போட்டிருந்தார்கள்.

“பார்த்து வாம்மா, மூணாவது கல்லு ஆடும்!” என்று ஜன்னலிலிருந்து ஜாய்சனின் அம்மா குரல் கொடுத்தார்.

ஜாய்சன் படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய ஷூ இரண்டும் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தன.

“ஏன்டா ஸ்கூலுக்கு வரலை? காய்ச்சலா?”

“ஷூ காயலை.”

“செருப்புப் போட்டுட்டு வரலாமே?”

“அதுவும்தான் நாறுது. நீங்கள்லாம் சிரிப்பீங்க.”

சத்யப்ரியா வீட்டுப்பாடத் தாளை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்ட ஜாய்சன், பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் முகம் மலர்ந்தான்.

“எங்க வாசல்ல கடலே இருக்கு, பார்த்தியா? தினமும் ஏதாவது கரை ஒதுங்கும். வைக்கோல் வரும், சாணி வரும். போன வாரம் ஒரு மனுஷனே வந்தார்!”

“மனுஷனா?”

ஜாய்சன் உள்ளே ஓடிப்போய் உள்ளங்கையில் எதையோ ஏந்தி வந்தான். “மீசைக்காரர். மிதந்து வந்தார் பாவம். சோப்புப் போட்டுக் கழுவி வச்சிருக்கேன்.”

முறுக்கு மீசையுடன் ஹெட்மாஸ்டர் அவளை முறைத்தார்.

மூட்டையின் மேல் இருந்தவர் இத்தனை தூரம் எப்படி வந்தார்? நடந்தா வந்திருப்பார்? போகிற தண்ணீர் எங்கேயாவது வந்துதானே ஆக வேண்டும்!

“அவர் உன்கிட்டயே இருக்கட்டும், ஜாய்சன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆடுகிற கல்லையும் மறந்து அவள் வீட்டுக்கு ஓடினாள்.

கொட்டகையில் யாரும் இல்லை. முதுகை முட்டுக்கொடுத்து மூட்டையைத் தள்ளினாள். அது மெல்ல நகர்ந்தது. அடியில் ஒரு பலகை இருந்தது. பலகையைத் தூக்கினாள். தரையில் ஒரு ஓட்டை. அதற்குள் ஒரு குழாய். குப்பென்று அடித்த நாற்றம், ஜாய்சனின் வாசலில் வீசிய அதே நாற்றம்.

இத்தனை மாலைகளாக அவள் பாடம் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் ஒரு மூடியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“அய்யோ, அத்த ஏன் கண்ணு நகத்துன?” வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

“ஹெட்மாஸ்டர் ஜாய்சன் வீட்டு வாசல்ல மிதந்தார்ப்பா. அவனுக்கு ஷூவே காயலையாம். ஸ்கூலுக்கே வரலை.”

பாலகுரு தலையில் கைவைத்துக்கொண்டு தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“நா இன்னா கண்ணு பண்றது? சாணி எடுத்துகினு இருந்த ஊரப்பாக்கத்து செடி நர்சரிக்காரரு நர்சரிய மூடிட்டாரு. குழி ரொம்பிப் போச்சு. கொட்டாய் கழுவுற தண்ணிய எங்க விடறது? காலைல மூட்டைய நகத்திட்டு, வடிகால்ல தள்ளி வுட்டுகினு இருந்தேன். இது தெரிஞ்சா மாட்டையெல்லாம் ஓட்டிகினு பூடுவாங்க. அப்பால நாம இன்னா பண்றது?”

பின்னாலேயே வந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். “முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்ச கதை கேட்டுகீறேன். நீ அஞ்சு மாட்டுச் சாணிய பெத்த புள்ளைக்கு அடியில மறைச்சிகீற!”

சத்யப்ரியா யோசித்தாள்.

“அம்மா, பாத்திரம் கழுவும்போது முதல்ல மிச்சம் மீதியை வழிச்சுப் போட்டுட்டுத்தானே தண்ணி ஊத்துறீங்க? அப்பா மட்டும் ஏன் சாணியோட சேர்த்துத் தண்ணி அடிக்கிறார்? முதல்ல சாணியை வழிச்சு எடுத்துட்டா, கழுவக் கொஞ்சம் தண்ணி போதுமே!”

“இத்தத்தான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிகினு கீறேன். யாரு கேக்குறா?” என்றாள் அம்மா.

“குழிதான் ரொம்பிகீதே!” என்று அப்பா எரிந்து விழுந்தார்.

சத்யப்ரியாவின் கண்கள் கலங்கின. ஆனால், குரல் தெளிவாக இருந்தது. “நான் சார்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்ப்பா. ஆனா, இனிமே இந்த மூட்டை மேல உட்கார மாட்டேன்.”

மறுநாள் மாலையே ‘டப டப டப’ என்று ஸ்கூட்டர் வந்துவிட்டது. ஏரிக்கரைத் தெருக்காரர்கள் விடவில்லை போலும்.

அப்பா அவளைப் பார்த்தார். “போ” என்று சொல்லவில்லை, பார்வைதான் கெஞ்சியது. சத்யப்ரியா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ராக்கெட்டின் பக்கத்தில் போய் நின்றாள். மூட்டை தனியாகக் கிடந்தது.

தனசிங் வழக்கம்போல் குழியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து வியந்தார்.

“என்னம்மா, நின்னுக்கிட்டுப் படிக்கிற? உன் சிம்மாசனத்துல உட்காரலையா?”

“வேண்டாம், சார்.”

“ஏன், யாராவது திட்டினாங்களா?”

சத்யப்ரியாவின் கை ராக்கெட்டின் கழுத்தைத் தேடிப் பற்றிக்கொண்டது. ராக்கெட் அசைபோடுவதை நிறுத்திவிட்டு, ‘இந்தக் கேள்வி உனக்குத்தான்’ என்பதுபோல் பாலகுருவைத் திரும்பிப் பார்த்தது.

பாலகுரு மகளைப் பார்த்தார். மாடுகளை ஒருமுறை பார்த்தார். பிறகு விடுவிடுவென்று நடந்து, மூட்டையை இரு கைகளாலும் இழுத்துத் தள்ளி, பலகையைத் தூக்கிப் போட்டார்.

“நீங்க தேடுறது இத்தத்தான் சார். எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பு என்னுது.”

ஆய்வாளர் குனிந்து ஓட்டையை உற்றுப் பார்த்தார்.

“சார், ராக்கெட்டை ஓட்டிட்டுப் போயிடுவீங்களா?” என்று கேட்டாள் சத்யப்ரியா.

தனசிங் நிமிர்ந்தார். “ஓட்டிட்டுப் போய் நான் எங்கம்மா கட்டுறது? எங்க வீடு மூணாவது மாடி. லிஃப்டும் கிடையாது.”

கொட்டகை வாசலில் நின்றிருந்த அம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்பாவுக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

“சிரிக்கிற விஷயம் இல்லை, பாலகுரு” என்று ஆய்வாளர் உடனே குரலை மாற்றினார். “அபராதம் கட்டியே ஆகணும். இந்த ஓட்டையை இன்னைக்கே, என் கண் முன்னாடி அடைக்கணும். லாரி வச்சுக் குழியைக் காலி பண்ணி, நடுவுல ஒரு தடுப்புச் சுவர் கட்டுங்க. ஒரு பக்கம் சாணி அடியில தங்கும். தெளிஞ்ச தண்ணி அடுத்த பக்கம் போகும். அதைப் புல்லுக்கு விடலாம். ரெண்டு வாரத்துல மறுபடி வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா, மாடு இங்க இருக்க முடியாது.”

“செஞ்சிடறேன் சார். சாணிய மொதல்ல வழிச்சிட்டு அப்பால கழுவிக்கிறோம். எம்பொண்ணு சொன்ன ஐடியா.”

அம்மா தொண்டையைக் கனைத்தாள்.

“எம்பொண்டாட்டியும் சொல்லிச்சு” என்று அப்பா திருத்திக்கொண்டார்.

“வழிச்ச சாணியைச் சேர்த்து வைங்க. எங்க பூங்காக்காரங்க எருவுக்கு அலையறாங்க. வாரா வாரம் வண்டி அனுப்பச் சொல்றேன். இதை முன்னாடியே என்கிட்ட கேட்டிருக்கலாமே, ஐயா!” கிளம்பும்போது தனசிங் அந்த மூட்டையைத் தட்டிப் பார்த்தார். “இதை நான் எப்பவோ தூக்கிப் பார்த்திருக்கணும். படிக்கிற பிள்ளையை எழுப்ப மனசு வரலை. என் மேலயும் தப்பு உண்டு.”

மூன்று நாள் கழித்து தெருமுனையில் மறுபடியும் ஏதோ ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் அப்பா திடுக்கிட்டு எழுந்தார். பிறகு நினைவு வந்தவராய் உட்கார்ந்து, தேநீரைச் சொட்டு மிச்சமில்லாமல் மெல்லக் குடித்து முடித்தார். அவர் அப்படி நிதானமாகத் தேநீர் குடித்துச் சத்யப்ரியா வெகுநாளாகப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மண்வெட்டியும் கூடையும் பிளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் ஏரிக்கரைத் தெருவுக்குப் போனார்கள்.

“யாருங்க நீங்க?” என்று கேட்டார் ஜாய்சனின் அம்மா.

“மேல கொட்டாய்க்காரன்மா. பாலகுரு. உங்க வாசலுக்கு வந்த தண்ணி என்னுது. கழுவி வுட வந்துகீறேன்.”

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்!” என்று எதிர்வீட்டிலிருந்து ஒருவர் கத்தினார்.

“ஆமாண்ணா, இப்பத்தான் தெரிஞ்சுது” என்று சொல்லிவிட்டு, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

வாசல் வாசலாகச் சேற்றை வாரினார். வடிகால் வாயை அடைத்திருந்த சாணிக் கட்டியை வெட்டி எடுத்ததும், தேங்கிய தண்ணீர் ‘கொளக் கொளக்’ என்று வடியத் தொடங்கியது. கைகட்டிப் படியில் உட்கார்ந்திருந்த ஜாய்சன், சற்று நேரத்தில் ஒரு துடைப்பத்துடன் இறங்கி வந்தான். கத்தினவரும் வீட்டுக்குள் போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார்.

“ஜாய்சன், ஸ்கூல்ல நானும் சேர்ந்து சிரிச்சேன்” என்றாள் சத்யப்ரியா, கூட்டுவதை நிறுத்தாமல்.

“தெரியும். நீ மெதுவாத்தான் சிரிச்ச.”

“இனிமே சிரிக்க மாட்டேன். நாளையிலேர்ந்து உன் பெஞ்சுலயே உட்காரப் போறேன்.”

“உட்காரு. சிரிக்கவும் சிரி. ஆனா, வேற எதுக்காவது” என்றான் ஜாய்சன்.

தெரு காய்ந்து தரை தெரிந்தபோது உச்சிவேளை ஆகிவிட்டது. ஜாய்சனின் அம்மா எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தார். அப்பா அதை வாங்கி ஓரமாக வைத்தார். படியில் கிடந்த ஷூக்களை எடுத்துக்கொண்டு குழாயடியில் குந்தி, சோப்பைத் தேய்த்து, நுரை வெள்ளையாகும்வரை கழுவினார். நாடாக்களைக்கூடத் தனியே உருவி அலசினார். அதன் பிறகுதான் மோரைக் குடித்தார்.

அன்று பிற்பகல் முழுவதும் மதில்மேல் ஒரு ஜோடி ஷூ வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எந்தக் காக்கையும் தூக்கிப் போகாதபடி, இரண்டுக்கும் நடுவே முறுக்கு மீசையுடன் உட்கார்ந்து ஹெட்மாஸ்டர் காவல் காத்தார்.